விசாவும் விலாசமும்

ஒரு சமுதாயத்தின் சரித்திரத்தை அதன் காவியங்களிலே தேடுவோர் உண்டு. கல்வெட்டுகளிலே தேடுவோரும் உண்டு. மலையகத் தமிழரின் சரித்திரத்தைத் தேடப் புகுபவனோ காகிதங்களைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அவற்றையும் அவர்கள் எழுதவில்லை. அவர்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள், எந்த மண்ணில் எவ்வளவு காலம் நிற்கலாம், எப்போது அதைவிட்டு நீங்க வேண்டும் என்பதையெல்லாம் பிறர் எழுதி, முத்திரை குத்தி, அவர்கள் கையில் திணித்தார்கள். அந்தக் காகிதங்களின் வரிசையில் ஆகப் பிந்தியது, அந்நிய நாட்டிலே கல்வி கற்கச் செல்லும் மாணவரின் விசா. முன்பு வந்த காகிதங்களைக் குறித்து நமது இலக்கியம் கண்ணீர் வடித்திருக்கிறது, ஆத்திரமும் கொண்டிருக்கிறது. இந்தக் கடைசிக் காகிதத்தைக் குறித்து மட்டும் அது ஏன் மௌனம் சாதிக்கிறது?

இக்கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து பிறக்கவில்லை. வலப்பனையிலிருந்து ராகலைக்கு ஏறும் பாதையை அண்டிய தோட்டமொன்றில் வளர்ந்த என் பழைய மாணவி ஒருத்தி, பேராதனையில் பட்டம் பெற்று, ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்கு அனுமதியும் பெற்றுவிட்டாள். விண்ணப்பங்களை நிரப்ப உதவி கேட்டுத் தன் தாயுடன் என்னிடம் வந்தாள். கடினமான பகுதிகளை அவளே நிரப்பியிருந்தாள். அவளைத் தடுத்து நிறுத்தியது ஒரு சின்னஞ்சிறு கட்டம்.

"சேர், வீட்டு இலக்கமும் தெருவும் எழுதச் சொல்லியிருக்கு. எங்க லயத்துக்கு ஏது தெரு? காம்பராவுக்கு ஏது நம்பர்? தோட்டத்துப் பேர மட்டும் எழுதினாப் போதுமா?"

நான் பதில் சொல்லுமுன் தாய் குறுக்கிட்டாள்: "தொரகிட்ட ஒரு கடிதம் வாங்கியாரட்டுமாங்க?"

மகள் கேட்டது விலாசம்; தாயின் நினைவுக்கு வந்தவர் துரை. இரண்டு தலைமுறைகளுக்கு இடையே கல்வி எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பதையும், சமுதாய அமைப்பு எவ்வளவு தூரம் செல்லாமல் நின்றுவிட்டது என்பதையும் அந்த இரு கேள்விகளும் எனக்கு உணர்த்தின.

மாணவ விசா கேட்பவரிடம் அந்நிய அரசுகள் பல நூறு விவரங்களைக் கேட்கின்றன. ஆயினும் அவற்றின் சாரம் மூன்று கேள்விகளே: நீ எங்கே வசிக்கிறாய்? உன்னிடம் எவ்வளவு பணம் இருக்கிறது? படிப்பு முடிந்தால் திரும்பிப் போவாயா?

முதற்கேள்வியை எடுத்துக்கொள்வோம். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்கு மாற்றப்பட்டது. எசமானர் மாறினர், லயம் மாறவில்லை. அதில் குடியிருப்பவருக்கு அதன் மீது பாத்தியதை கிடையாது. தபால் அவர் வாசலுக்கு வருவதில்லை. தோட்டத்துக் காரியாலயத்தில் வந்து குவிந்து, யாராவது எடுத்துக் கொடுக்கும்போது கையை எட்டுகிறது. ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு என்னும் திட்டம் அண்மைக் காலத்தில் சிலருக்கு வாசலும் வேலியும் கொடுத்திருப்பது உண்மையே. லயத்திலேயே இருப்பவர் தொகையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது.

இரண்டாவது கேள்வி பணம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஏழை மாணவருக்கு இது பெரிய வாய்ப்புப் போலத் தோன்றும். ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே ஒரு முடக்கப்பட்ட கணக்கில் இட்டுக் காட்ட வேண்டும். அந்தத் தொகை 2024 செப்டம்பரில் 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. மாணவர் அங்கே போய்ச் சேர்ந்த பின்னர் மாதம் 992 யூரோ வீதம் அது அவருக்குத் திறந்துவிடப்படும். அதே செப்டம்பரில்தான் இலங்கையில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அன்றைய நாணய மாற்று விகிதத்தில் 11,904 யூரோ ஏறத்தாழ 39 லட்சம் ரூபாய். மாதம் 25 நாள் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், உண்ணாமல், உடுக்காமல், ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தால், ஏறத்தாழ ஒன்பதரை ஆண்டுகளில் இத்தொகை சேரும். ஒரு வருடப் படிப்புக்கான உத்தரவாதத்துக்கு ஒன்பதரை வருட உழைப்பு! இதைத்தான் 'சம வாய்ப்பு' என்று அழைக்கிறார்கள்.

மூன்றாவது கேள்வி எல்லாவற்றிலும் குரூரமானது. ஐக்கிய அமெரிக்காவின் குடிவரவுச் சட்டம், மாணவ விசா கேட்பவர் ஒவ்வொருவரும் அங்கேயே குடியேறிவிட எண்ணுபவர் என்று முதலில் அனுமானித்துக்கொள்கிறது. அவ்வாறல்ல என்று நிரூபிப்பது விண்ணப்பதாரர் பொறுப்பு. 2024-இல் திருத்தப்பட்ட அவுஸ்திரேலிய விதிகளும் குடும்பம், சமூகம், தொழில், பொருளாதார நிலை ஆகியவற்றால் மாணவர் தம் நாட்டோடு எவ்வாறு பிணைக்கப்பட்டிருக்கிறார் என்று வினவுகின்றன. காணி உறுதி உடையவன் உறுதியைக் காட்டுவான். கடை உடையவன் கடையைக் காட்டுவான். லயத்துப் பிள்ளை எதைக் காட்டும்?

ஒரு காலத்தில் பாட்டனைப் பார்த்து, 'நீ ஏன் உன் நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை?' என்று ஓர் அரசு கேட்டது. இன்று பேத்தியைப் பார்த்து, 'நீ உன் நாட்டுக்குத் திரும்பிப் போவாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?' என்று வேறோர் அரசு கேட்கிறது. இரண்டு கேள்விகளுக்கும் விடை எழுத வேண்டிய இடத்தில் இருப்பது ஒரே வெற்றிடம்.

இந்த வெற்றிடம் இயற்கையாக உண்டானதா? இல்லை, அது காகிதத்தால் உண்டாக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த தகரத்துண்டு ஒன்று தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளியின் அடையாளமாயிற்று. தோட்டம் மாற விரும்பியவனுக்கோ 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். இவன் கடனை யார் தீர்க்கிறாரோ அவரிடம் இவனை விடுவிப்போம் என்று துரை எழுதிய சீட்டு அது. மனிதனுடைய கடன் கைமாறியது. கடனோடு மனிதனும் கைமாறினான். 1921-இல் துண்டுமுறை ஒழிந்தது. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பையும், தேவையானால் பாட்டன், பூட்டன் பிறப்பையும் நிரூபிக்கச் சொன்னது. 1949-ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. பிரஜாவுரிமை கிடைத்ததோ ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானோர்க்கே.

1964 அக்டோபர் 30-இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மனிதர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அந்த மிச்சமும் 1974-இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. அதன்படி இந்தியப் பிரஜையாக ஏற்கப்பட்டவன், கப்பலேறும் நாள்வரை தான் பிறந்த மண்ணிலே இருப்பதற்கே வதிவிட விசா பெற வேண்டியவனானான். ஆகவே விசா என்ற சொல் மலைநாட்டுக்குப் புதியதன்று. அங்கே அது 'வரலாம்' என்ற அனுமதியாக வரவில்லை. 'போகும்வரை இருக்கலாம்' என்ற தவணையாக வந்தது. 2003-ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை அளித்தது. நாடு கிடைத்தது, விலாசம் கிடைக்கவில்லை.

வலப்பனையைப் பற்றி எழுதுபவர் இன்னொரு சரித்திரத்தையும் மறந்துவிடலாகாது. 1880களில் நெல்வரி கட்டத் தவறியதற்காக வலப்பனைச் சிங்கள விவசாயிகளின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. குடும்பங்கள் வயலிழந்து பட்டினியால் மாண்டன. 1892-இல் அந்த வரி ஒழிக்கப்பட்டபோது ஏழைகள் பலரின் வயல் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மேலே மலையில் தமிழனின் நாட்டைக் காகிதம் பறித்தது. கீழே பள்ளத்தாக்கில் சிங்களவனின் வயலைக் காகிதம் பறித்தது. இன்று அந்தக் கிராமத்து இளைஞனும் கடவுச்சீட்டைத் தேடித்தான் அலைகிறான். அவனுக்குக் கிராமத்தின் பெயரும், தன் மொழியிலே எழுதும் உத்தியோகத்தரும் உண்டு என்ற வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இருவருடைய வறுமைக்கும் வேர் ஒன்று என்பதைச் சொல்லாத எழுத்து பாதி உண்மையையே சொல்கிறது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். மலையகத்தின் பயணங்களைத் தமிழ்ப் புனைகதை எழுதாமல் விடவில்லை. 1935-இல் வெளியான புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', வறுமை துரத்தக் கடல் கடந்த பெண்ணொருத்தியைத் தேயிலைத் தோட்டம் எப்படிச் சிதைத்தது என்பதைக் காட்டிற்று. ஒப்பந்தம் கைச்சாத்தான அதே 1964-இல் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' வந்தது. 1947-இல் தலவாக்கலையின் பாராளுமன்றப் பிரதிநிதியாக இருந்த சி. வி. வேலுப்பிள்ளை, 'நாடற்றவர் கதை'யை எழுதியவர். காகிதத்தின் அடியைத் தம் முதுகிலேயே வாங்கியவர். என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' உழைக்கும் பெண்ணின் தன்மானத்தை நிலைநாட்டியது. தெளிவத்தை ஜோசப்போ 'நாமிருக்கும் நாடே' என்ற தலைப்பினாலேயே ஒரு வாதத்தைத் தொடுத்தார். இவர்களுடைய சாதனையைக் குறைத்து மதிப்பிடுபவன் நன்றி கெட்டவன்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த மரபிலே வந்த கதைகள் பலவற்றில் காகிதம் விதியைப் போல வந்து விழுகிறது. ஒரு கடிதம் வருகிறது, குடும்பம் பிரிகிறது, புகையிரதம் நகர்கிறது, வாசகன் கண்ணீர் சிந்துகிறான். அந்தக் கடிதம் எந்த மேசையில் பிறந்தது, எந்தச் சொற்களால் ஆக்கப்பட்டது, ஒருவனை விட்டு ஒருவனைத் தேர்ந்தது எப்படி என்பதைக் கதை கேட்பதில்லை. இடியையும் மழையையும் போலக் காகிதத்தையும் இயற்கைச் சக்தியாக்கிவிட்டால், அதை மாற்ற முடியும் என்ற எண்ணம் வாசகனுக்கு எங்கிருந்து வரும்?

ஜெர்மானிய முற்போக்கு எழுத்தாளர் அன்னா செகர்ஸ் 1944-இல் வெளியான 'ட்ரான்சிட்' நாவலில் இதை வேறு விதமாகச் செய்தார். நாஜிகளுக்குத் தப்பி மார்செய் துறைமுகத்தில் அகதிகள் காத்திருக்கிறார்கள். போகும் நாட்டின் விசா வேண்டும். வழியிலுள்ள நாட்டின் விசா வேண்டும். வெளியேறும் அனுமதி வேண்டும். கப்பல் சீட்டு வேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடுகிறது. அந்தச் சக்கரம் சுழலும் விதத்தைக் காட்டியே அவர் ஒரு யுகத்தின் கொடுமையைக் காட்டிவிட்டார். நமக்கு வேண்டியது இந்தக் கண். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட தந்தையின் பெயரைத் திருத்த ஒரு பெண் எத்தனை நாட்கூலியை இழந்தாள் என்பதை எழுதினால் போதும். அதற்குள் 1948 வந்துவிடும்.

1950களிலும் 1960களிலும் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர்கள் 'மண்வாசனை' வேண்டும் என்று முழங்கினர். அது நியாயமான முழக்கம். சொந்தமாக ஒரு பிடி மண்ணும் இல்லாதவரின் மண்வாசனை எப்படியிருக்கும் என்ற வினாவை அம்முழக்கம் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை. பலர் கொழுந்தையும் பனியையும் அட்டையையும் எழுதினர். அவை மண்ணின் வாசனைதாம். மண்ணின் உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பதும் மண்ணைப் பற்றிய செய்திதானே?

நம்மிடையே வேறொரு தயக்கமும் உண்டு. அந்நிய நாட்டுக்குப் போகிறவனை நாம் நம்பிக்கைத் துரோகி என்கிறோம். அல்லது மாலையிட்டு அனுப்புகிறோம். சமுதாயம் பெற்றெடுத்த அறிவை முதலாளித்துவ நாடுகள் விலையின்றிக் கொண்டுபோகின்றன என்ற குற்றச்சாட்டு பொய்யன்று. ஆனால் வேரூன்ற இடம் கொடுக்காத தோட்டத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியை, வெளியே போகும் பிள்ளையைப் பார்த்துக் கேட்பது எவ்வகையில் நியாயம்? அன்று கங்காணி முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கி அழைத்து வந்தான். இன்று வழி காட்டுவதாகச் சொல்லும் தரகன் கட்டணம் வாங்குகிறான். வட்டிக்காரன் கணக்கில் காட்டப் பணம் கொடுக்கிறான். பாட்டன் கடனோடு கப்பலேறினான். பேத்தி கடனோடு விமானமேறுகிறாள். இந்தத் தொடர்ச்சியைக் காணாத இலக்கியம் போகிறவளைத் தூற்றினாலும் பிழை, போற்றினாலும் பிழை.

அந்தப் பெண்ணின் கதைக்கு முடிவு சொல்ல வேண்டும். தாயின் ஊழியர் சேமலாப நிதி, கொழும்புக் கடையில் வேலை செய்யும் அண்ணனின் சேமிப்பு, அடகு, உறவினர் ஒருவரின் கைமாற்று, வட்டிக் கடன் ஆகிய அனைத்தும் கூடி அந்த 11,904 யூரோவாயின. கடனுக்கான ஒரு கடிதம் காரியாலயத்தில் பல நாள் கிடந்துவிட்டதால் ஒரு பருவம் பிந்தியே அவள் போனாள். அந்த நாட்டு விதிப்படி, குடியேறியதும் விலாசத்தைப் பதிவு செய்து, பின்னர் அயல்நாட்டார் அலுவலகத்தில் வதிவிட அனுமதி பெற வேண்டும். பதிவுப் பத்திரத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். தெருவின் பெயர், வீட்டு இலக்கம், கீழே அவள் பெயர். "சேர், மொதல் தடவையா எம்பேருக்கு ஒரு வீட்டு நம்பர்" என்று எழுதியிருந்தாள்.

நான் மகிழ்ந்தேன், உடனே வெட்கமும் கொண்டேன். பிறந்த நாட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடைக்காத விலாசம், அந்நிய நாட்டில் சில நாட்களில், அதுவும் காலக்கெடு குறித்த அனுமதியோடு, கிடைத்திருக்கிறது. அவள் திரும்பி வருவாளா என்று தூதரகங்கள் கேட்கட்டும். அது அவர்கள் தொழில். அவள் திரும்பி வந்து இறங்கும்போது எந்த வாசலில், எந்த இலக்கத்தில் இறங்குவாள் என்று கேட்பது ஆசிரியர்களாகிய, மாணவர்களாகிய, எழுத்தாளர்களாகிய நமது கடமை. லயத்துக் காம்பராவுக்கு இலக்கமும் நிலத்துக்கு உறுதியும் கேட்கும் போராட்டத்தோடு பேனாவும் சேர்ந்து நடக்கும் நாளில்தான், நமது இலக்கியம் எழுதாமல் விட்ட அத்தியாயம் எழுதப்படும்.