கணித்த வானமும் கண்ட வானமும்

விண்மீன்களை அறிய விரும்புவோர்க்கு நெடுங்காலம் துணைநின்றவை அச்சிட்ட வான்படங்களே. அவற்றுட் பல வடநாடுகளில் வாழ்வோர்க்கென வரையப்பட்டவை. இலண்டன் மாநகரில் அகத்திய மீன் ஒருபொழுதும் உதிப்பதில்லை. யாழ்ப்பாணத்திலோ அது தென்றிசையில் ஏறக்குறைய 28 பாகை உயரம்வரை எழுகின்றது. துருவ மீன் அங்கே வானின் நடுவுயரத்துக்கு மேல் நிற்க, ஈண்டு 10 பாகை அளவில், பனங்கூடல் மறைக்குந் தாழ்வில் நிற்கின்றது. இவ்விடவேற்றுமையால் எழும் இடர்ப்பாட்டைப் பெரிதும் நீக்கிய கருவி ஸ்டெல்லேரியம் என்னும் கணினி மென்பொருளாகும்.

பிரான்சு நாட்டு நிரலாளரான பாபியன் செரோ இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே தொடங்கிய இம்முயற்சி, பலரது கூட்டுழைப்பால் வளர்ந்து, 2022ஆம் ஆண்டிலே 1.0 என்னும் பதிப்பாக வெளிவந்தது. இதனை விலையின்றிப் பெறலாம். இதன் மூலநிரலையும் எவரும் ஆராயலாம். ஒருமுறை கணினியில் நிறுவியபின் இணையத்தொடர்பு வேண்டுவதில்லை. இடத்தையும் நாளையும் நேரத்தையும் குறித்தால் அவ்விடத்து வானம் திரையில் விரிகின்றது. வெறுங்கண்ணுக்குப் புலனாகும் மீன்கள் வானமுழுவதிலும் ஏறக்குறைய 9,000 ஆக, இக்கருவியோ ஏறக்குறைய 6 இலட்சம் மீன்களைத் தன்னுடன் கொண்டே வருகின்றது. இணையவசதி அரிதாகிய சிற்றூர்ப் பாடசாலைக்கும் இதனாற் பயனுண்டு என்பது வெளிப்படை.

இத்துணைச் சிறப்புடைய கருவியை மதிப்பிடுங்கால் முதற்கண் எழும் வினா, திரையிலே தோன்றுவது யாது என்பதாம். அது வானத்தின் நிழற்படம் அன்று, கணிப்பின் விளைவு. ஹிப்பார்க்கோஸ் முதலிய செய்மதிகள் அளந்த மீன்நிலைகளையும், 1980களில் பிரான்சிலே வகுக்கப்பட்ட கோளியக்கக் கோட்பாட்டையும் அடிப்படையாகக் கொண்டு, வானம் இவ்வாறிருத்தல் வேண்டும் என அது கூறுகின்றது. இருத்தல் வேண்டும் என்பதற்கும் இருக்கின்றது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மறந்தவிடத்து இக்கருவி மாணாக்கனை மயக்கவுங் கூடும்.

இதற்குத் திருவாதிரை மீன் தக்க சான்று. ஏறக்குறைய 0.5 என்னும் ஒளித்தரத்தில் விளங்குவது அம்மீன். 2019ஆம் ஆண்டின் இறுதியில் மங்கத்தொடங்கிய அது, 2020 பெப்ரவரியில் 1.6 என்னுந் தரத்துக்குத் தாழ்ந்தது. ஓரியன் மண்டலத்தின் ஒரு தோளாகிய அது மறுதோளாகிய பெல்லாட்ரிக்ஸ் மீனுக்கு ஒப்பாக மங்கியமை வெறுங்கண்ணுக்கே புலனாயிற்று. அம்மீன் வெளியுமிழ்ந்த பொருள் குளிர்ந்து தூசாகி ஒளியை மறைத்ததே காரணம் என ஆய்வாளர் பின்னர் விளக்கினர். எந்தப் பட்டியலும் முன்னறிந்து கூறாத இம்மாற்றத்தை, வானை நோக்கியிருந்தவரே கண்டனர். திரையை மட்டும் நோக்கியவர்க்கு அது புலப்பட்டிராது.

இணையமின்றி இயங்குதல் என்னுஞ் சிறப்புக்கும் எல்லையுண்டு. விண்மீன்களின் நிலை ஒரு தலைமுறையில் வெறுங்கண்ணுக்குத் தெரியுமாறு மாறுவதில்லை. ஆதலின் பழைய தரவும் பயன்படும். தாழ்ந்த பாதையிற் சுற்றும் செய்மதிகளின் தரவோ சில வாரங்களிலேயே பழுதாகின்றது. ஆகவே புதுப்பிக்கப்படாத கருவி மீன்களைச் சரியாகவும் செய்மதிகளைப் பிழையாகவும் காட்டும். இரண்டும் ஒரே தெளிவுடன் தோன்றுதலால், எது நம்பத்தக்கது என்பதைக் காண்போனே தெரிந்துகொள்ளல் வேண்டும்.

சொற்பொருள் மயக்கம் மற்றொன்று. தைப்பொங்கலன்று ஞாயிறு மகரராசியிற் புகுவதாகப் பஞ்சாங்கங் கூறும். அந்நாளிற் கருவியை வினவினால் ஞாயிறு தனு மண்டலத்தில் நிற்பதாக விடைவரும். இதுகொண்டு பஞ்சாங்கம் பொய்த்தது என முடிவுசெய்தல் பொருந்தாது. இராசி என்பது ஞாயிற்றின் பாதையை 30 பாகை வீதம் பன்னிரண்டாகச் சமமாய்ப் பகுத்த அளவு. கருவி கூறுவதோ உலக வானியல் ஒன்றியம் ஏற்று 1930இல் வெளியான மண்டல எல்லைகளை. இவை சமமானவை அல்ல. கன்னி மண்டலத்தில் ஞாயிறு ஏறக்குறைய 45 நாள் நிற்க, விருச்சிக மண்டலத்தில் ஏறக்குறைய 7 நாளே நிற்கின்றது. ஒரே பெயரால் வழங்கும் இருவேறு பொருள்களை ஒன்றெனக் கொண்டதே ஈண்டு நிகழும் பிழையாகும்.

இலக்கிய ஆராய்ச்சியில் இவ்வெச்சரிக்கை மேலும் வேண்டற்பாலது. பரிபாடலின் பதினோராம் பாடல் கூறும் கோள்நிலைகளைக்கொண்டு எல். டி. சுவாமிக்கண்ணுப்பிள்ளை அதன் காலத்தைக் கி.பி. 634 எனக் கணித்தார். அம்முடிவை அறிஞர் எல்லாரும் ஏற்றிலர். அவர் பெருமுயற்சியாற் செய்த கணக்கை இன்று ஒரு மாணாக்கன் சில நிமிடங்களிற் செய்தல் கூடும். ஆயின், குறித்தவோர் நாளில் கோள்கள் எங்கு நின்றன என்பதே கருவி தரும் விடை. பாடலிலுள்ள சொல் எக்கோளைக் குறிக்கின்றது, உரைகாரர் கொண்ட பொருள் ஏற்புடைத்தா, புலவர் கண்டதைக் கூறினாரா, மரபைப் பின்பற்றினாரா என்னும் வினாக்கள் தமிழறிவால் தீரவேண்டியவை. அவற்றைத் தீர்க்காது கணினிப்படத்தைக் காட்டிக் காலத்தை நிறுவுதல் ஆராய்ச்சி ஆகாது.

கூறியவை கருவியின் குறைகள் எனப்படுவதிலும் அதனைக் கையாளுவார்க்குரிய கடமைகள் எனப்படுதலே தகும். வானிற் கண்டதை முதலிற் குறித்துக்கொண்டு, அதன்பின் கருவியோடு ஒப்புநோக்கும் முறையைப் பாடசாலைகள் கைக்கொள்ளுமாயின் நன்று. இரண்டும் ஒத்தவிடத்து மாணாக்கன் மீனின் பெயரை ஐயமின்றி அறிவான். ஒவ்வாதவிடத்து, தன் குறிப்புப் பிழைத்ததா, தரவு பழையதா, வானமே மாறியதா என ஆராயத் தொடங்குவான். அவ்வாராய்ச்சிக்கு வழிசெய்தலே ஸ்டெல்லேரியம் கல்விக்கு ஆற்றக்கூடிய பெரும்பணியாகும்.