நாலடித் தேர்

சப்பரத்தட்டி வாங்கப் போனால் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மேலே ஒட்டிய வண்ணக் காகிதத்தையும் நடுவில் வைத்த சாமி படத்தையும் அப்புறம் ரசித்துக்கொள்ளலாம். அடியில் இரண்டு அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா, சக்கரத்தின் துளை நட்டநடுவில் விழுந்திருக்கிறதா, கடையாணிக்கு இடம் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டினால் போதும். நாலைந்து சுற்று சுற்றி எந்த இடத்தில் வேண்டுமானாலும் நின்றால் அது நல்ல சக்கரம். சுண்டும்போதெல்லாம் ஒரே இடம் கீழே வந்து நின்றால் துளை தப்பியிருக்கிறது, அல்லது பலகை ஒரு பக்கம் கனம். கும்பகோணத்தில் எட்டு வயதில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருந்த ஆசாரி. "கீழே பாருடா தம்பி, மேலே எல்லாம் ஜோடனை" என்பார். ஐம்பது வருஷமாக நான் எந்த வண்டியைப் பார்த்தாலும் குனிந்து அடியைப் பார்ப்பது அவர் போட்ட பழக்கம்.

ஆடிப் பதினெட்டு அன்று காவிரிக்கரை ஊர்களில் பெண்கள் காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறும் எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போகும்போது, பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு பின்னால் போவார்கள். நாலு சக்கரம் வைத்த பலகை, அதன்மேல் மூங்கில் சிம்பால் ஒரு கூடு, வண்ணக் காகிதம், சாமி படம், ஒரு கயிறு. இவ்வளவுதான். தஞ்சாவூர், கும்பகோணம், திருவையாறு என்று ஆற்றை ஒட்டிய ஊர்களில் இன்றும் இதைப் பார்க்கலாம். எங்கள் தெருவில் தட்டியை மட்டும் ஆசாரியிடம் வாங்கி, மேல்வேலையை அவரவர் வீட்டில் கட்டிக்கொள்வோம். அதில்தான் போட்டி. அளவெடுத்து, வெட்டி, பொருத்தி, ஒட்டி ஒரு வண்டியை உருவாக்கும் வெறி எனக்குள் புகுந்தது அந்தத் தட்டியில்தான்.

இது இந்த மண்ணுக்குப் பழைய விளையாட்டு. காவிரி கடலில் கலக்கும் பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் ஒரு காட்சி வருகிறது. முற்றத்தில் காயும் நெல்லைக் கொத்த வரும் கோழியின்மேல் பெண்கள் காதணியைக் கழற்றி எறிகிறார்கள். அந்தப் பொன் குழை, பிள்ளைகள் குதிரையில்லாமல் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. பட்டினத்தின் செல்வச் செழிப்பைக் காட்ட இதை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். வண்டி கட்டுகிறவன் கண்ணுக்கு இதில் வேறு இரண்டு செய்தி இருக்கிறது. ஒன்று, மூன்று சக்கரம். மேடுபள்ளமான முற்றத்தில் நாலு சக்கரம் என்றால் ஒன்று எப்போதும் அந்தரத்தில் தொங்கும். முக்காலி எங்கே வைத்தாலும் ஆடாது. அதைச் செய்த தச்சன் தரையை அறிந்தவன். இரண்டு, காதில் போடுகிற ஒரு நகை அந்தத் தேரை நிறுத்திவிடுகிறது. சிறிய சக்கரத்துக்குச் சிறிய தடையே மலை. சிறுதேர் இழுத்து நொந்த பிள்ளையைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால்தான் பட்டினப்பாலையைப் பாடிய உருத்திரங்கண்ணனார் இதை எழுதியிருக்க முடியும் என்று நான் நினைக்கிறேன்.

குறுந்தொகையின் 61ஆம் பாட்டு இன்னும் நெருக்கமானது. தச்சன் செய்து கொடுத்த சின்னக் குதிரை வண்டியில் ஏறிப் போக முடியாது. ஆனாலும் கையால் இழுத்தே மகிழ்கிறார்கள் பிள்ளைகள். அங்கே அது காதலுக்கு உவமையாக வருகிறது. ஏற முடியாத வண்டிக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்கிற எவனுக்கும் அந்தப் பாட்டு நேராக வந்து நெஞ்சில் தைக்கும். பிள்ளைத்தமிழும் ஆண்பிள்ளையின் பத்துப் பருவத்தில் கடைசியாகச் சிறுதேரைத்தான் வைத்திருக்கிறது.

பேரன் பிறந்த பிறகு எனக்குத் தட்டி போதவில்லை. திருவாரூர் ஆழித்தேரையே அளவு குறைத்துக் கட்ட வேண்டும், அதுவும் இழுத்தால் ஓட வேண்டும் என்று ஆசை வந்தது. தேரழகு என்றால் திருவாரூர் என்பது இந்தப் பக்கத்துச் சொலவடை. அலங்கரித்த தேரின் உயரம் 96 அடி, எடை சுமார் 300 டன். 24-ல் ஒரு பங்காகக் குறைத்தால் உயரம் நாலடி. உலகம் முழுவதும் மாதிரிக் கார் கட்டுகிறவர்கள் மிகுதியாகக் கையாளும் அளவுகளில் இந்த 24-ல் ஒன்றும் உண்டு என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

எடைக்கு வேறு கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் 24-ல் ஒன்றாகக் குறைவதால் எடையை 13,824-ஆல் வகுக்க வேண்டும். 300 டன் வெறும் 22 கிலோ ஆகிவிடுகிறது. ஒரு சிப்பம் அரிசியைவிடக் குறைவு. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்தும் பின்னாலிருந்து புல்டோசர் தள்ளியும் நகர்கிற மலை, நாலடியில் ஒரு பையன் ஒற்றைக் கையால் இழுக்கும் பண்டமாகிவிடுகிறது. தேரின் கம்பீரம் அதன் கனத்தில் இருக்கிறது என்றால், கனம் போன பின் எதை வைத்துத் தேர் என்று சொல்வது?

சக்கரத்திலிருந்துதான் தொடங்கினேன். தேர்ச்சக்கரத்துக்கு ஆரக்கால் கிடையாது, முழுவட்டம். ஒரே பலகையில் வட்டம் வெட்டினால் வெயிலில் காய்ந்து ரேகை வழியாகப் பிளந்துவிடும். வட்டமும் கோணி நீள்வட்டமாகிவிடும். பூவரசம்பலகையை மெல்லிதாக இழைத்து, ஒன்றின் ரேகை மற்றதற்குக் குறுக்காக வரும்படி மூன்றடுக்கு ஒட்டி வட்டம் வெட்டினேன். அச்சுக்குக் கருவேலங்கட்டை. மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடத்துக்குக் காலங்காலமாக அதைத்தானே போட்டார்கள். துளைக்கும் அச்சுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதில் பெரிய பாடம் கற்றேன். கோடையில் கச்சிதமாகப் பொருத்திய முதல் சக்கரங்கள் ஆடியில் ஈரம் குடித்து உப்பி இறுகிக்கொண்டன. ஒரு தபால் அட்டை நுழையும் அளவு தளர்த்திவிட்டு, வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்த வண்டி மையைத் தடவினேன். அதற்குப் பிறகுதான் சக்கரம் பேச ஆரம்பித்தது. மரம் மரத்தோடு உரசும் அந்தக் கனைப்பு ஒலி பால்பேரிங் போட்ட சக்கரத்தில் வராது. பேரிங் போட்ட சின்னத் தேர்கள் வழுக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஓடுகின்றன, ஆனால் தேர் நடை அதில் இல்லை. தேர் ஒவ்வொரு அடியையும் யோசித்துத்தான் வைக்கும்.

நாலு சக்கரமும் தரையில் படிய வேண்டுமே, அதற்கு? சட்டத்தை ஆணியும் பசையும் போட்டு இறுக்காமல், கட்டையின் முனையைச் செதுக்கி மற்றதன் துளையில் செருகி மர ஆப்பு மட்டும் அடித்தேன். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் சட்டம் இம்மியளவு முறுக்கிக்கொடுக்கும். நெகிழத் தெரிந்த சட்டம்தான் நெடுநாள் உழைக்கும்.

தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முன்சக்கரம் திரும்பாது. வடத்தை ஒரு பக்கமாக இழுத்து, முட்டுக்கட்டையைச் சக்கரத்தின் முகத்தில் சாய்த்துக் கொடுத்து, அங்குலம் அங்குலமாகத்தான் திருப்ப வேண்டும். திருவாரூர் வீதி முனைகளில் சக்கரத்தின் கீழே இரும்புத் தகடு போட்டு, மசகு தடவி, 300 டன்னையும் பக்கவாட்டில் சறுக்கவிடுவார்கள். அதை ஒரு முறை பக்கத்திலிருந்து பார்த்தவர் வாழ்நாளில் மறக்க மாட்டார். முட்டுக்கட்டை போடுகிறவர் ஓடும் சக்கரத்துக்கு ஒரு முழத்தில் நிற்கிறார். கட்டை போடுகிற கணத்தை அவருக்கு யாரும் சொல்வதில்லை. என் நாலடித் தேருக்கும் இரண்டு முட்டுக்கட்டை செய்தேன், புளியங்கட்டையில், பெருவிரல் நீளம். சாய்வு செங்குத்தாக இருந்தால் சக்கரம் மோதி நின்று தேர் முன்னால் குனிகிறது. படுசாய்வாக இருந்தால் சக்கரம் ஏறித் தாண்டிவிடுகிறது. ஏழாவது கட்டையில்தான் சாய்வு சரியாக வந்தது. தேர் முழுவதிலும் நான் மிகவும் பெருமைப்படுவது அந்த இரண்டு துண்டுக் கட்டையில்தான்.

ஆழித்தேரின் கதையே மறுபடி மறுபடி கட்டப்பட்ட கதை. பழைய தேர் 1920களில் தீயில் எரிந்து, 1930-ல் புதுத் தேர் ஓடியது. அதுவும் நெடுங்காலம் நிலையில் நின்றுவிட்டு, 1970-ல் மீண்டும் வீதிக்கு வந்தது. திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் கொடுத்தது. மேலே பழைய மரச் சிற்பம், கீழே ஆலையில் செய்த ஓட்டம். இதேபோல அமெரிக்காவில் ஹாட் ராட் என்று ஒரு பைத்தியம் உண்டு. 1932-ல் வந்த ஃபோர்டு காரின் உடம்பை வைத்துக்கொண்டு, மட்கார்டைக் கழற்றி, எஞ்சினையும் அச்சையும் மாற்றி ஓடவிடுவார்கள். ஃபோர்டு தன் மலிவு விலைக் காரில் எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்தது அந்த வருஷம்தான். மோனோகிராம் என்ற கம்பெனி 1963-ல் அந்தக் காரை எட்டில் ஒரு பங்கு அளவில் 'பிக் டியூஸ்' என்று பெட்டியில் போட்டு விற்றது. அசல் காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 106 அங்குலம். பெட்டிக்குள் இருப்பதில் பதின்மூன்றேகால். அவ்வளவு பெரிய அளவு எதற்கு என்றால், அடிச்சட்டமும் எஞ்சினும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவைதான் ரசிக்க வேண்டியவை. மேலுடம்பைத் திறந்து போட்டு உள்ளே இருப்பதைக் காட்டும் அந்தக் காரை எங்கள் ஆசாரி பார்த்திருந்தால் மிகவும் பிடித்துப்போயிருக்கும்.

மேல்கட்டுக்கு வருகிறேன். ஆழித்தேரில் மரவேலை சுமார் 30 அடிதான்; மிச்சம் முழுவதும் ஆண்டுதோறும் மூங்கிலும் துணியும் கொண்டு எழுப்புவது. என் தேரில் 15 அங்குலம் மரம், 33 அங்குலம் மூங்கில். கலசத்தையும் குதிரைகளையும் தஞ்சாவூர் நெட்டியில் செதுக்கலாமா என்று யோசித்தேன். குளத்துச் செடியின் தண்டுக்குள் இருக்கும் அந்த வெள்ளைச் சோற்றில் பெரிய கோயிலையே எழுப்புகிற கைகள் தஞ்சையில் இருக்கின்றன. 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. யானைத் தந்தம்போல் ஒளிரும். ஆனால் அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டிய அழகு. ஓடுகிற தேரில் ஒரு குலுக்கலுக்குத் தாங்காது. குதிரைகளைக் கல்யாண முருங்கையில் செய்தேன். தேரில் தொங்கவிடும் துணித் தொம்பைகளுக்கும் சீலைகளுக்கும் பழைய பருத்திப் புடவை. கருப்பூர்க் கலம்காரித் துணியை வெட்ட மனம் வரவில்லை.

காற்றுதான் கடைசி வரை வாட்டியது. ஆடிக்காற்றின் தள்ளுதல் துணியின் பரப்பைப் பொறுத்தது, தாங்கி நிற்பதோ எடையைப் பொறுத்தது. பரப்பு 576-ல் ஒன்றாகத்தான் குறைகிறது, எடை 13,824-ல் ஒன்றாக. அதாவது ஒரே காற்றில் சின்னத் தேர் பெரிய தேரைவிட 24 மடங்கு தள்ளாடும். எடையெல்லாம் கீழே போக வேண்டும் என்று அடிச்சட்டத்துக்குள் இரும்புத் துண்டுகளை ஒளித்து 22 கிலோவை எட்டினேன். இன்னொன்றை மட்டும் எந்தத் தச்சுவேலையாலும் சரிசெய்ய முடியவில்லை. தொங்குகிற தொம்பை ஊசலாடும் வேகம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 24-ன் வர்க்கமூலம் ஏறக்குறைய 5. பெரிய தேரில் யானைக் காது அசைவதுபோல் அசைகிற தொம்பை, என் தேரில் ஐந்து மடங்கு அவசரமாகத் துடித்தது. பேரன்தான் வழி கண்டுபிடித்தான். செல்போனில் நொடிக்கு 120 படம் எடுத்து 24 படமாக ஓட்டிக் காட்டினான். திரையில் தேர் சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்து வந்தது. தொம்பைகள் ஒன்றன்பின் ஒன்றாக அலைபோல் அசைந்தன. போன கனம் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. நான் அதைப் பதினைந்து முறையாவது பார்த்திருப்பேன்.

சென்ற ஆடிப்பெருக்கன்று படித்துறைக்கு இழுத்துப் போனோம். மேட்டூர்த் தண்ணீர் முதல் மூன்று படியை மூடியிருந்தது. பேரன் வடம் பிடித்தான், பக்கத்து வீட்டுப் பெண் முட்டுக்கட்டை போட்டாள். ஒன்பது வயதுதான் அவளுக்கு. படித்துறைச் சந்தில் திருப்பம் வந்தபோது நான் தகரத்தைச் சக்கரத்தின் கீழ் வைக்கக் குனிந்தேன். "தாத்தா, இருங்க, நான் வைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள். தகரத்தில் எண்ணெய் தடவி, இடது பின்சக்கரத்தில் கட்டையைச் சாய்த்துக் கொடுத்தாள். தேர் ஒரு கணம் நின்றது, மெல்ல உடம்பைத் திருப்பியது, கலசம் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் சக்கரங்களைக் கழற்றி வண்டலைக் கழுவி, திண்ணையில் நிழலில் காயப்போட்டேன். இரண்டு முட்டுக்கட்டையில் ஒன்றைக் காணவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பெண் கொண்டுவந்து கொடுத்தாள். ராத்திரி முழுவதும் தன்னிடமே வைத்திருந்தாளாம். சக்கரம் ஏறிய இடத்தில் கட்டையில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது.