முன்கூட்டிச் சொன்னால்தான் இலை

பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தில் கருணைவேல், சொர்ணலட்சுமி தம்பதி நடத்திப் பெயர்பெற்ற யுபிஎம் 'நம்ம வீட்டுச் சாப்பாடு', ஒரு வீட்டின் பந்திதான். எத்தனை பேர் என்று போனில் முன்பே சொல்லிவிட்டுப் போவதே முறை. தலைக்கணக்கு தெரிந்தால்தான் அளவாக ஆக்க முடியும். மிஞ்சியதை வைத்துச் சூடாக்கும் வேலைக்கு இடமில்லை.

இலை நிறையக் கறி விழும். மட்டன், குடல், தலைக்கறி, ரத்தப் பொரியல், நாட்டுக்கோழி, மீன். சோறு வருவதற்குள்ளேயே வயிறு பாதி நிறைந்துவிடும். எனக்குப் பிடித்தது பிச்சுப்போட்ட கோழி. எலும்பில்லாமல் நார்நாராகப் பிய்த்து வதக்கியது. பல்லில்லாத அப்புச்சியும் அள்ளிச் சாப்பிடலாம், பொடுசுகளும் சாப்பிடலாம். மூன்று தலைமுறை ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒன்றையே ருசிக்கிற பண்டம் வேறு எத்தனை இருக்கிறது?

"இன்னுங் கொஞ்சம் வெச்சுக்குங்க" என்ற உபசரிப்பைக் கொங்கு வீடுகளில் மறுப்பது கடினம். இங்கேயும் அப்படித்தான். வேண்டுமட்டும் வாங்கிச் சாப்பிடலாம்.

கோவையிலிருந்து போகிறவர்கள் காலைப் பலகாரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.