பதினான்காம் நாள்

'தலைவி' (2021) படத்தில் எனக்கு உறுத்தியது ஜானகிதான். மதுபாலா நல்லாத்தான் நடிச்சிருக்காங்க, ஆனால் படத்துக்கு அந்த அம்மாவின் துக்கம் தேவைப்படவில்லை. ஜெயலலிதா கதை, அப்படித்தான் எடுப்பாங்க என்பீர்கள். சரி. ஆனாலும் யோசிங்க: எம்ஜிஆர் இறந்தது 1987 டிசம்பர் 24. பதினான்காம் நாள், ஜனவரி 7, மனைவியை முதல்வர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். 'மருதநாட்டு இளவரசி'யில் அவருக்கே கதாநாயகியாக நடித்தவர். மேடை அரசியல் பழகாதவர். 24 நாளில் ஆட்சி போச்சு. கட்சி உடைந்ததில், 1973இல் எங்க திண்டுக்கல் இடைத்தேர்தலில் முதன்முதலா ஜெயிச்ச இரட்டை இலையும் முடங்கியது. 1989இல் இரட்டைப் புறா சின்னத்தில், கணவர் ஜெயித்த ஆண்டிபட்டியில் நின்று தோற்றார். அப்புறம் ஒதுங்கிக்கொண்டார், கட்சி ஒன்றானது, இலை திரும்ப வந்தது. அழுவதற்கு எப்போது நேரம் கிடைத்திருக்கும்? அந்த மூணு வாரத்தில் படம் கொஞ்சம் நின்றிருக்கலாம்.