முக்காலியில் அசையாமல் உட்கார்ந்த குழந்தை

1920இல் ஹாலிவுட்டின் செஞ்சுரி ஸ்டுடியோவுக்கு ஒரு பெண் தன் தோழியோடு வந்தாள். இடுப்பில் பத்தொன்பது மாதப் பெண் குழந்தை. குழந்தையை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். குழந்தை அழவில்லை, நெளியவில்லை, இறங்கி ஓடவுமில்லை. இயக்குநர் ஃபிரெட் ஃபிஷ்பேக்கின் கண்ணில் பட்டது அந்த அசையாமைதான். பிரௌனி என்ற நாயை வைத்து அவர் குட்டிப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். நாயோடு நடிக்க, சொன்னதைக் கேட்கும் குழந்தை ஒன்று தேவைப்பட்டது. பெக்கி ஜீன் மான்ட்காமெரி ‘பேபி பெக்கி’ ஆனது இப்படித்தான்.

பேபி பெக்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவளுடைய வட்டக் கண்களிலிருந்தும் நெற்றியை மறைக்கும் கத்தரித்த முடியிலிருந்தும் தொடங்குவார்கள். நான் அந்த முக்காலியிலிருந்து தொடங்குகிறேன். அவள் செய்துகாட்டிய எதற்காகவும் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. எதுவும் செய்யாமல் இருந்ததற்காகத் தேர்ந்தெடுத்தார்கள். குழந்தை நட்சத்திரம் என்ற வழக்கத்தின் பலமும் கோளாறும் இந்த ஒரு காட்சியில் சேர்ந்தே இருக்கின்றன.

அப்பா ஜாக் மான்ட்காமெரி மாடு மேய்க்கும் கௌபாயாக வாழ்ந்து, பிறகு சினிமாவில் குதிரைச் சாகசம் செய்தவர். கௌபாய்ப் பட நட்சத்திரம் டாம் மிக்ஸுக்கு டூப் போட்டவர். சொல்லுக்குக் கட்டுப்படுவதே முதல் பாடம் என்பது அவருடைய நம்பிக்கை. அழு என்றால் பெக்கி அழுவாள், சிரி என்றால் சிரிப்பாள், பயப்படு என்றால் பயப்படுவாள். மகள் நட்சத்திரமான பிறகும் அவளுக்குத் தனித் திறமை உண்டென்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எந்தக் குழந்தையையும் ஒழுங்காகப் பழக்கினால் இதைச் செய்யும் என்பதே அவர் எண்ணம். அந்த எண்ணம் மகளை எவ்வளவு காலம் உறுத்தியது என்பதை மகளே எழுதிய சுயசரிதையில் காணலாம்.

அந்தக் காலத்துச் சினிமாவின் தொழில்நுட்பமும் இப்படிப்பட்ட அப்பாக்களுக்கு வசதியாகவே இருந்தது. மௌனப் படத்தில் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று குரல் கொடுக்கலாம். திரும்பு, ஓடு, வாயைப் பொத்து என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். படத்தில் எதுவும் கேட்காது. வசனம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பதால் பேச்சு திருந்தாத குழந்தைகூடப் படத்தைத் தாங்கிவிடும். திரையில் தெரிவது தானாகப் பொங்கும் குறும்பு. சட்டகத்துக்கு ஓர் அடி வெளியே நிற்பது கட்டளை. அந்தக் கட்டளையைப் பார்வையாளரிடமிருந்து மறைத்துவைக்க முடிந்ததில்தான் மௌனப்படக் குழந்தைகளின் கவர்ச்சி பாதி இருந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் பாதிதான். மிச்சமுள்ள படங்களைப் பார்க்கும்போது அப்பாவின் கணக்கு பொய்த்துவிடுகிறது. 1923இல் வந்த ‘தி கிட் ரிப்போர்ட்டர்’ படத்தில் அவள் பத்திரிகை நிருபராகி, ஒட்டு மீசையோடு ஆண் வேடத்தில் துப்புத் துலக்குகிறாள். பெரியவர்களின் மிடுக்கை அப்படியே எடுத்து, அளவு மாறாமல், ஒரு சாண் உடம்பில் வைத்துக் காட்டுகிறாள். இது வெறும் மழலை அழகு இல்லை, பகடி. தான் நகலெடுப்பது எதை என்று தெரிந்த பார்வை அதில் இருக்கிறது. 1924இல் வந்த ‘ஹெலன்ஸ் பேபீஸ்’ படத்தில் எட்வர்ட் எவரெட் ஹார்ட்டன் குழந்தை வளர்ப்பைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிரம்மச்சாரியாக வருகிறார். குழந்தைகளைப் பற்றி ஒன்றும் அறியாத அவர் கையில் அக்கா மகள்கள் இருவர் வந்து சேர்கிறார்கள். கிளாரா போவும் நடித்த படம். ஹார்ட்டன் தவிக்கத் தவிக்க, அந்தத் தவிப்புக்கு எப்போது திரும்பிப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் சும்மா நிற்க வேண்டும் என்பது ஐந்து வயதுப் பெக்கிக்குத் தெரிந்திருக்கிறது. நகைச்சுவையில் இந்தக் காலக்கணக்கை விரல் சொடுக்கி வரவழைக்க முடியாது. கட்டளையைக் கேட்டு அதற்கு மேலும் ஏதோ செய்த குழந்தை அவள். குழந்தை நடிப்பே சுரண்டல், அதில் கலை ஏது என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட என்னால் முடியாமல் இருப்பதற்கு இந்தப் படங்களே காரணம்.

அதற்காக மற்றதைப் பேசாமல் விட முடியாது. 1921க்கும் 1924க்கும் இடையில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குட்டிப் படங்கள். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். ஒழுங்கான பள்ளிப் படிப்பு இல்லை. அவளுக்கு டூப் கிடையாது. ‘சீ ஷோர் ஷேப்ஸ்’ படத்துக்காக மயங்கும்வரை கடல் நீருக்குள் அமுக்கிப் பிடித்தார்கள். ‘தி டார்லிங் ஆஃப் நியூயார்க்’ படத்தில் எரியும் அறையிலிருந்து அவள் தனியாகத் தப்பி வர வேண்டும். தீ நிஜத் தீ. ‘மைல்ஸ் ஆஃப் ஸ்மைல்ஸ்’ படத்தில் ரயில் பெட்டிக்கு அடியில் சவாரி. குதிரைச் சாகசக்காரரின் மகள் என்பதால் இதெல்லாம் வீட்டுத் தொழிலின் நீட்சியாகவே பட்டிருக்கலாம். ஆனால் ஜாக் வளர்ந்த ஆள், தான் ஏறும் குதிரையைத் தானே தேர்ந்தெடுத்தவர். முடியாது என்ற சொல்லையே பழக்காமல் வளர்த்த குழந்தையிடம் சம்மதம் என்ற ஒன்று எங்கிருந்து வரும்?

பணத்தின் கதை ஊரறிந்தது. தயாரிப்பாளர் சால் லெஸ்ஸர் அவளை ஒப்பந்தம் செய்தபோது பேசப்பட்ட தொகை ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் டாலர். அவள் பெயரில் பொம்மைகள் விற்றன. 1924இல் நியூயார்க்கில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டின் செல்லக் குழந்தையாக மேடையில் நின்றாள். அடுத்த ஆண்டே அப்பாவுக்கும் லெஸ்ஸருக்கும் சம்பளத் தகராறு, ஒப்பந்தம் முறிந்தது. ஸ்டுடியோக்களின் கதவு மூடிக்கொண்டது. ஆறு வயதில் அவளுடைய சினிமா வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துபோனது. பிறகு வாடெவில் எனப்படும் கதம்ப மேடை நிகழ்ச்சிகள், ஊர் ஊராகப் பயணம். சம்பாதித்ததில் ஒரு பகுதி குடும்பச் செலவில் கரைந்தது, ஒரு பகுதியை உறவினர் ஒருவர் சுருட்டிக்கொண்டார். 1929 பங்குச் சந்தைச் சரிவோடு மிச்சமும் போனது. 1930களில், ஒரு காலத்தில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்ட ஊரிலேயே, கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும் எக்ஸ்ட்ராவாக வேலை பார்த்தாள். அவளுடைய ‘கேப்டன் ஜனவரி’யை 1936இல் ஷெர்லி டெம்பிளை வைத்து மறுபடி எடுத்தார்கள். பேசும்படத்துக்குப் பாடத் தெரிந்த, ஆடத் தெரிந்த குழந்தை தேவைப்பட்டது.

இந்த இடத்தில் நம்மூர் ஞாபகம் வராமல் இல்லை. 1937இல் கே. சுப்ரமணியத்தின் ‘பாலயோகினி’ வந்தபோது பேபி சரோஜாவை இந்தியாவின் ஷெர்லி டெம்பிள் என்று கொண்டாடினார்கள். எத்தனையோ வீடுகளில் பெண் குழந்தைகளுக்குச் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். ‘தியாகபூமி’, ‘காமதேனு’ என்று சில படங்களோடு அவர் நிறுத்திக்கொண்டார். சினிமா ஒரு குழந்தையிடமிருந்து கொஞ்சம் மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவைக்க முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி. பெக்கிக்கு அப்படி வாய்க்கவில்லை.

சட்டம் வந்தது, ஆனால் பெக்கியால் அல்ல. சாப்ளினோடு ‘தி கிட்’ படத்தில் நடித்த ஜாக்கி கூகன் வளர்ந்த பிறகு, தான் சம்பாதித்த லட்சக்கணக்கான டாலர் எங்கே என்று 1938இல் தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் வழக்குத் தொடுத்தார். பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம் என்றிருந்த காலம். அவர் கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர். அதன் விளைவாக 1939இல் கலிஃபோர்னியாவில் ‘கூகன் சட்டம்’ பிறந்தது. இன்று அங்கே குழந்தையின் வருமானத்தில் 15 விழுக்காட்டைத் தனிக்கணக்கில் போட வேண்டும். நம் நாட்டின் 2017 விதிகள் 20 விழுக்காட்டை நிரந்தர வைப்பில் போடச் சொல்கின்றன. நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்கின்றன. இவை வேண்டியவை, தாமதமாக வந்தவை. ஆனால் இவை பணத்தையும் நேரத்தையும் மட்டுமே அளக்கின்றன. ஐந்து மணி நேரத்துக்குள் ஒரு குழந்தையை எப்படி அழவைக்கிறார்கள் என்பதை எந்தக் கடிகாரமும் காட்டாது. சட்டம் நம்பிக்கை வைக்கும் காவலரும் பெற்றோர்தான். பெக்கியின் வீட்டிலோ கட்டளையிட்டவரும் அவரே, சம்பளத்தை வாங்கியவரும் அவரே. மகளின் உழைப்பில் சோறு சாப்பிடும் அப்பா, போதும் வீட்டுக்குப் போகலாம் என்று எப்படிச் சொல்வார்? வீட்டில் லூயிஸ் என்ற அக்காவும் இருந்தாள். தங்கையின் கால்ஷீட்டைச் சுற்றியே அவளுடைய பிள்ளைப் பருவமும் ஓடியது. அவளைப் பற்றி எந்தச் சட்டமும் யோசிக்கவில்லை.

பேபி பெக்கி பிறகு பெயரை மாற்றிக்கொண்டார். கத்தோலிக்க மதத்தைத் தழுவி, டயானா செரா கேரி ஆனார். தொலைபேசி இணைப்பகத்திலும் புத்தகக் கடையிலும் வேலை பார்த்தார். பல ஆண்டுகள் பேபி பெக்கி என்ற பெயரையே ஒளித்துவைத்தார். பிறகு எழுத உட்கார்ந்தார். 1975இல் சினிமாவின் கௌபாய்களைப் பற்றி ‘தி ஹாலிவுட் பாஸி’, 1978இல் குழந்தை நட்சத்திரங்களைப் பற்றி ‘ஹாலிவுட்ஸ் சில்ட்ரன்’, 1996இல் தன்னைப் பற்றி, 2003இல் ஜாக்கி கூகனைப் பற்றி. இந்த வரிசை என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது. முதலில் எழுதியது அப்பாவின் உலகம். தன் கதைக்கு வந்து சேர அவருக்கு எழுபத்தேழு வயதானது. அப்பாவை அரக்கனாக்கியும் அவர் எழுதவில்லை. மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்த ஒருவனுக்குத் திடீரென்று கொட்டிய பணம் என்ன செய்தது என்பதைப் பொறுமையாகப் பார்க்கிறார். இந்தப் பொறுமை எல்லா இடத்திலும் எனக்கு ஏற்புடையதல்ல. சில பக்கங்களில் அவர் இன்னும் கோபப்பட்டிருக்கலாம் என்றே தோன்றுகிறது.

அந்த நூற்றைம்பது குட்டிப் படங்களில் இன்று கையில் இருப்பவை சொற்பம். 1926இல் செஞ்சுரி ஸ்டுடியோ எரிந்ததில் பெரும்பாலானவை போயின. கண்டெடுத்த சிலவற்றை மௌனப்பட விழாக்களில் திரையிட்டபோது டயானா அரங்கில் உட்கார்ந்து, மற்றவர்கள் சிரிப்பதைக் கேட்டபடி அந்தக் குழந்தையைப் பார்த்தார். 2018இல், தொண்ணூற்றொன்பதாவது வயதில், தன் முதல் நாவலை வெளியிட்டார். 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் இறந்தபோது அவருக்கு 101 வயது.