முதனூலும் வழிநூலும்: 'ரஷோமொன்' திரைப்படமும் அதன் வழித்தோன்றல்களும்

நூல்கள் முதல், வழி, சார்பு என மூவகைப்படும் என்பது நன்னூலார் துணிபு. முதனூலின் பொருளோடு முழுவதும் ஒத்துநின்று, பின்னோன் தான் வேண்டிய வேறுபாடுகளைச் சேர்த்து, மரபு கெடாவண்ணம் செய்வது வழிநூல். ஒருபுடை ஒத்து ஏனையவற்றில் வேறுபடுவது சார்புநூல். தொல்காப்பியரோ வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக வகுத்தார். இப்பாகுபாடு ஏட்டிலக்கியத்தின் பொருட்டு எழுந்ததாயினும் திரைக்கலைக்கும் பொருந்துவதே. ஒரு நாட்டிலே தோன்றிய படத்தை மற்றொரு நாட்டார் தம் மண்ணுக்கேற்ப மீண்டும் எடுக்கும் வழக்கம் இன்று உலகெங்கும் பெருகியுள்ளது. அவ்வாறு எடுக்கப்பட்டவற்றைத் 'தழுவல்' என்னும் ஒரு சொல்லாலேயே தள்ளிவிடுவாரும், மூலத்தை அறியாமலே மெச்சுவாரும் உளர். தழுவுதல் குற்றமாயின் கம்பனும் குற்றவாளியே. வான்மீகியின் இராவணன் சீதையைக் கையாற் பற்றி எடுத்துச் செல்ல, கம்பனின் இராவணன் பன்னசாலையை நிலத்தோடு பெயர்த்துச் செல்கின்றான். அவ்வொரு மாற்றத்தில் ஒரு சமுதாயத்தின் அறவுணர்வு அடங்கிக் கிடக்கின்றது. ஆதலின் ஆராய வேண்டியது தழுவினானா என்பதன்று. தழுவியவன் எதனை மாற்றினான், ஏன் மாற்றினான் என்பதே.

இலங்கைச் சுவைஞருக்கு இவ்வினா புதியதன்று. முதற் சிங்களப் பேசும் படமாகிய 'கடவுனு பொரொந்துவ' 1947 ஆம் ஆண்டு சனவரி 21 ஆம் நாள் கொழும்பிலே திரையிடப்பட்டது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர்; படம் உருவாகிய இடம் தென்னிந்தியா. அதன்பின் பல ஆண்டுகள் சிங்களப் படங்கள் தென்னிந்தியப் படப்பிடிப்பு நிலையங்களிலே தமிழ், இந்திப் படங்களின் வார்ப்பிலேயே பெரும்பாலும் அமைந்தன. 1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' என்னும் படத்தின் வாயிலாகக் கமராவைச் சிங்களக் கிராமத்துக்கு எடுத்துச் சென்ற போதுதான் அவ்வார்ப்பு உடைபடத் தொடங்கியது. பிறர் வார்ப்பிலே நெடுநாள் கிடந்த ஒரு கலை தன் குரலைக் கண்டடைவதற்குப் பட்ட பாட்டை இந்நாடு கண்ணெதிரே கண்டுள்ளது. அவ்வனுபவத்தோடு யப்பானியப் படமொன்றையும், அதனின்று கிளைத்த அமெரிக்கப் படத்தையும் தமிழ்ப் படத்தையும் ஒருங்குவைத்து நோக்குதல் பயனுடைத்து.

'ரஷோமொன்' 1950 ஆம் ஆண்டில் அக்கிரா குரொசாவா இயக்கியது. 1951 செப்தெம்பரில் வெனிசு நகரத் திரைப்பட விழாவிலே தங்கச் சிங்க விருதைப் பெற்று, யப்பானியக் கலையை மேற்குலகுக்கு அறிமுகஞ் செய்தது. அதே செப்தெம்பரிலேதான் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் சார்பிற் பேசிய ஜே. ஆர். ஜயவர்த்தனா, பகைமை பகைமையால் தணியாது என்னும் புத்தர் வாக்கை எடுத்துக்காட்டி, யப்பானிடம் இழப்பீடு வேண்டோம் என்று அறிவித்தார். தோல்வியுற்ற ஒரு நாட்டை உலகம் மீண்டும் மனிதராக நோக்கத் தொடங்கிய காலம் அது.

இப்படமும் ஒரு வழிநூலே. அக்குத்தகாவா 1922 இல் எழுதிய 'தோப்பினுள்ளே' என்னும் சிறுகதை இதன் கரு. 1915 இல் எழுதிய 'ரஷோமொன்' என்னும் கதை இதற்குக் களம். அக்கதைகளுக்கும் மூலம் யப்பானின் பழங்கதைத் தொகுதியொன்றில் உண்டு. காட்டுவழியிலே ஒரு சாமுராய் வீரன் இறந்து கிடக்கின்றான். அவன் மனைவி கள்வனொருவனாற் கெடுக்கப்பட்டாள். கள்வன், மனைவி, ஆவியேறிய பெண்ணின் வாயிலாகப் பேசும் இறந்தவன் ஆகிய மூவரும் மூன்று விதமாகச் சான்று கூறுகின்றனர். மறைந்து நின்று கண்ட விறகுவெட்டி நான்காவதாக வேறொன்று கூறுகின்றான். இங்கே கருத்தூன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பொய்ச்சான்று கூறுவோர் உலகெங்கும் பழியினின்று தப்புதற்காகவே பொய் கூறுவர். இப்படத்திலோ கள்வன் 'வாட்போரில் வென்று கொன்றேன்' என்கின்றான். மனைவி தன் கைக்குத்துவாளே காரணமாயிருத்தல் கூடும் என்கின்றாள். இறந்தவன் 'என்னை நானே மாய்த்துக்கொண்டேன்' என்கின்றான். மூவரும் பழியைத் தம்மேல் ஏற்கின்றனர். ஏற்றுத் தம் மானத்தைக் காத்துக்கொள்கின்றனர். உயிரினும் தன்னைப்பற்றிய தன் எண்ணமே மனிதனுக்கு இனிது என்னும் கசப்பான உண்மையை இதனினும் நுட்பமாகக் காட்டிய படம் அரிது.

குரொசாவா நீதிபதியைக் காட்டவில்லை. அவர் குரலும் கேட்பதில்லை. சாட்சிகள் காண்போரை நோக்கியே பேசுகின்றனர். தீர்ப்புக் கூறும் இருக்கையிலே அமர்த்தப்பட்டவர் காண்போரே. மியகாவாவின் ஒளிப்பதிவு இலைகளினூடே நேரே ஞாயிற்றை நோக்குகின்றது. முகங்களின்மேல் ஒளியும் நிழலும் மாறிமாறி விழுகின்றன. உரையாடல் கூறாததை அந்நிழல் கூறுகின்றது. இறுதியில், சிதைந்த வாயிலின்கீழ்க் கைவிடப்பட்ட குழந்தை ஒன்று அழுகின்றது. தானும் உண்மையை மறைத்தவனும், விலையுயர்ந்த குத்துவாளை எடுத்துக்கொண்டவன் என ஐயுறப்படுபவனும் ஆகிய விறகுவெட்டியே அக்குழந்தையை ஏந்திச் செல்கின்றான். இம்முடிவு அக்குத்தகாவாவின் கதைகளில் இல்லை, குரொசாவா சேர்த்தது. முன்னோனின் ஐயத்தோடு பின்னோன் தன் இரக்கத்தையும் சேர்த்துவைத்தான் என்க.

1964 இல் ஹொலிவூட்டில் மாட்டின் றிற் இயக்கிய 'அவுட்றேஜ்' இதன் மறுவாக்கம். இடையிலே மைக்கேல் கனின், பே கனின் இணையர் எழுதி 1959 இல் நியூயோர்க்கில் அரங்கேறிய நாடகம் ஒன்று உண்டு. அதனையும் பின்பற்றியே திரைக்கதை அமைந்தது. களம் 19 ஆம் நூற்றாண்டின் அமெரிக்கத் தென்மேற்குப் புலம். சாமுராய் தென்மாநிலக் கனவானாகவும், கள்வன் மெக்சிக்கக் கொள்ளையனாகவும், விறகுவெட்டி பொன்தேடி அலைபவனாகவும், துறவி நம்பிக்கை தளர்ந்த போதகராகவும் மாறினர். வாயில் மாடம் மழையில் நனையும் புகையிரத நிலையமாயிற்று. ஆவியேறிய பெண்ணின் இடத்திலே அமெரிக்கப் பழங்குடி முதியவர் ஒருவர் அமர்ந்தார். ஒன்றுக்கு ஒன்று நேராகப் பொருத்திய இவ்வமைப்புத் தொல்காப்பியர் கூறும் மொழிபெயர்த்தல் என்னும் வகையைச் சாரும்.

ஆயினும் மொழிபெயர்ப்பிலே சொல் வந்தது. பொருள் முழுவதும் வரவில்லை. ஜேம்ஸ் வொங் ஹாவின் கருப்பு வெள்ளை ஒளிப்பதிவு சிறந்ததே. கிளெயர் புளூமின் நடிப்பும் மேடையிற் பழுத்தது. ஆனால் மேடைப் பழக்கம் படத்துக்குப் பாரமும் ஆயிற்று. நிழல் கூற வேண்டியதை வசனம் கூறுகின்றது. போல் நியூமன் முகத்துக்கு மை பூசி, மெக்சிக்க உச்சரிப்பை வலிந்து பேசுகின்றார். கள்வனின் ஆண்மைச் செருக்கு வேடிக்கையாகக் குறுகுகின்றது. இறுதிச் சான்று ஏறக்குறைய நகைச்சுவையாகவே நடிக்கப்படுகின்றது. மூலத்தின் இறுதிச் சான்றிலும் இரு வீரர் கைநடுங்கித் தடுமாறிப் பொருகின்றனர். அங்கே சிரிப்பு எழுமாயினும் உடனே நெஞ்சு கூசும். இங்கே சிரிப்பு மட்டுமே எஞ்சுகின்றது. உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலங்களின் பொய்ம்மானம் சாமுராயின் மானத்துக்கு ஏற்ற இணையே. அவ்வித்தை ஊன்றியவர்கள் நீர் வார்த்திருப்பின் அமெரிக்காவின் தன்னாய்வாகவே அப்படம் வளர்ந்திருக்கும்.

ஹொலிவூட்டுக்கு இத்திறன் இல்லை என்று துணிதல் பொருந்தாது. குரொசாவாவின் 'ஏழு சாமுராய்' 1954 இல் வெளிவந்தது. அதனை ஜோன் ஸ்ரேஜஸ் 1960 இல் 'மக்னிபிசென்ற் செவின்' என எடுத்தார். யப்பானியப் படத்தில் வீரர் பெறும் கூலி சோறு. அமெரிக்கப் படத்தில் ஆளுக்கு 20 டொலர். முன்னதில் உழவனும் வீரனும் பிறப்பால் வேறாகிய இரு குலத்தார்; உழவர்குடியிற் பிறந்து சாமுராயாக நடிக்கும் கிக்குச்சியோ இறுதிப் போரில் மடிகின்றான். பின்னதில் அவனுக்கு நிகராகிய உழவர் மகன் சீக்கோ உயிர் பிழைத்துத் துப்பாக்கியைக் கழற்றிவைத்து ஊரிலேயே தங்குகின்றான். குலச்சுவரை மரணத்தாலன்றிக் கடத்தல் அரிது என்றார் குரொசாவா. விரும்பியவன் விரும்பிய இடத்தில் வாழலாம் என்றது அமெரிக்கக் கனவு. சாதிச்சுவரை அறிந்த தமிழருக்கு முன்னதே மெய்யெனத் தோன்றும். ஆயினும் பின்னது தன் நாட்டின் நம்பிக்கையை நேர்மையாக உரைத்தது. ஆதலின் அது வழிநூல் என்னும் பெயருக்கு உரியது.

இனித் தமிழுக்கு வருதல் தகும். வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கி, ஏ. வி. எம். நிறுவனம் 1954 இல் வெளியிட்ட 'அந்த நாள்' ரஷோமொனால் தூண்டப்பெற்றது. இறந்த ஒரு பெண்ணை ஐவர் ஐந்து விதமாக நினைவுகூரும், 1950 இல் வெளிவந்த ஆங்கிலப் படமொன்றின் சாயலும் இதில் உண்டென்பர். கதையும் உரையாடலும் ஜாவர் சீதாராமனுடையவை. துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக நடித்தவரும் அவரே. பாட்டும் கூத்தும் இல்லாத முதற் தமிழ்ப்படம் இது. 'பராசக்தி' வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு வீழ்கின்றார். முடிவில் அவர் நாட்டுத் துரோகி என்பது வெளிப்படுகின்றது. கதாநாயகனைத் துரோகியாகக் காணவும், பாட்டின்றிப் படம் பார்க்கவும் அன்றைய சுவைஞர் ஆயத்தமாயிருக்கவில்லை. வணிகத்திலே படம் தோற்றது.

கதை நிகழும் நாள் 1943 ஒக்தோபர் 11. யப்பானிய விமானம் சென்னையிலே குண்டு வீசிய நாள். வானொலிப் பொறியியலாளன் ராஜன் கொல்லப்படுகின்றான். தம்பி, தம்பி மனைவி, அயல்வீட்டுக்காரர், ஆடல்மகள், மனைவி உஷா ஆகிய ஐவர் விசாரிக்கப்படுகின்றனர். யப்பானியக் கள்வனும் பெண்ணும் பழியைத் தம்மேல் ஏற்க, இங்கே உசாவப்படுவோர் ஒருவர்மேல் ஒருவர் பழியைச் சுமத்துகின்றனர். மானத்தின் இடத்திலே சொத்தும் பொறாமையும் ஆசையும் அமர்ந்தன. நடுத்தர வர்க்கத் தமிழ்க் குடும்பத்தை ஆசிரியர் எவ்வளவு கூர்ந்து அறிந்திருந்தார் என்பது இம்மாற்றத்தாற் புலனாகும். தன் ஆற்றலை மதியாத அரசின்மேற் கொண்ட வெறுப்பால் யப்பானியருக்கு மறைசெய்தி அனுப்பியவன் ராஜன். அவனைத் தடுக்க முயன்ற உஷாவின் கைத்துப்பாக்கியே அவன் உயிரைப் போக்கியது.

யப்பானியப் படத்தின் தூண்டுதலாற் பிறந்த படத்திலே யப்பானே பகையாக நிற்பது வியப்பன்றோ? அதே 1943 இல் மலாயாத் தோட்டத் தமிழர் பலர் யப்பானின் துணையோடு இயங்கிய நேதாஜியின் படையிற் சேர்ந்திருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. 1942 ஏப்பிரல் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலே குண்டு விழுந்ததைக் கண்ட தலைமுறையினருக்கு ராஜனின் துரோகம் வெறுங் கற்பனையன்று. எனினும் ராஜனைப் படம் எளிதில் வெறுக்க விடுவதில்லை. தன் மக்களுக்குக் குறைந்த விலையில் வானொலி செய்துகொடுக்க விழைந்தவன், மதிப்பாரின்றிக் கெட்டான் என்பதே அதன் துயரம். இவ்வாறு சட்டகத்தை மட்டும் ஏற்று, பொருளைத் தன் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்ட இப்படம் சார்புநூலாகும்.

ஆனால் ஒரு வினா எஞ்சுகின்றது. குரொசாவா உண்மையைத் திறந்தே விட்டார். பாலசந்தர் துப்பறிவாளன் கையால் அதனை எடுத்து மேசைமேல் வைத்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2004 இல் கமல்ஹாசன் எடுத்த 'விருமாண்டி' இரு கைதிகளின் மாறுபட்ட கூற்றுகளை அடுத்தடுத்து வைத்தபோதும், எவன் கூற்று மெய் என்பதிற் காண்போருக்கு ஐயம் விடவில்லை. இதனை ஆழமின்மை என்று குறைகூறுவார் உளர். அவர் சிலப்பதிகாரத்தை நினைவு கொள்ளல் வேண்டும். பாண்டியன் அவையிலே பொற்கொல்லன் கூற்று ஒன்று, கண்ணகி கூற்று மற்றொன்று. 'அவரவர் உண்மை அவரவர்க்கு' என்று காப்பியம் அமையவில்லை; சிலம்பு உடைந்தது, முத்தன்று மாணிக்கம் என்பது தெரிந்தது, அரசன் வீழ்ந்தான். தமிழ் மரபு உடைக்கத்தக்க சிலம்பொன்றை எப்பொழுதும் தேடுகின்றது. 'அந்த நாள்' அம்மரபின் வழிவந்தது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 1977 ஆம் ஆண்டு வன்செயல்களை ஆராய்ந்த சன்சோனி ஆணைக்குழு முதல் 2010 இல் அமைந்த ஆணைக்குழு வரை, சாட்சிகள் வரிசையாக வந்தமர்ந்து பேசிய நாடு இலங்கை. இத்தகைய நாட்டிலே 'உண்மையை ஒருவரும் அறிய முடியாது' என்பது சான்றோர் வாயிலும் வரலாம். குற்றம் இழைத்தவர் வாயிலும் இனிதாக வரலாம். ரஷோமொனை அவ்வாறு பொருள்கொள்வோர் அதனைப் பாதியே கண்டவராவர். நால்வர் கூற்றும் மாறுபடினும் தோப்பிலே பிணம் கிடந்தது மாறவில்லை. வாயிலின்கீழ் அழுத குழந்தையும் பொய்யன்று. மனிதன் தன்னைப்பற்றிக் கூறும் கதையை நம்பற்க என்றாரேயன்றி, நடந்ததே இல்லை என்று குரொசாவா கூறவில்லை.

ஆதலின் முதனூலும் சார்புநூலும் ஒன்றற்கொன்று பகையல்ல. சான்றுரைப்போன் தன் நெஞ்சையே முதலில் ஐயுறுக என்பது யப்பானியப் படம் தரும் பாடம். ஐயத்தைக் காரணமாக்கிச் சிலம்பை உடையாது விடற்க என்பது தமிழ்ப்படம் தரும் பாடம். முன்னதன்றிப் பின்னது அவசரத் தீர்ப்பாகும். பின்னதன்றி முன்னது வாளாவிருத்தலாகும். இரண்டையும் ஒருங்கே கற்ற சுவைஞன், தழுவல் என்பது கடன் வாங்குதல் அன்று, ஒரு நாடு கேட்ட வினாவுக்கு மற்றொரு நாடு தன் மொழியில் விடையிறுத்தலே என்பதைத் தெளிவான்.