பொய்யன் வாயிற் பிறந்த மெய்

பி.பி.சி. தொலைக்காட்சி 1978 செப்டம்பரில் ஒளிபரப்பிய ‘தி ரைபோஸ் ஆப்பரேஷன்’, ‘டாக்டர் ஹூ’ தொடரைச் சேர்ந்த நான்கு பகுதிக் கதை. எழுதியவர் ராபர்ட் ஹோம்ஸ். இதில் வரும் கேரன், இனிக்க இனிக்கப் பேசும் விண்வெளி எத்தன். தனக்கு உரிமையில்லாத ரைபோஸ் என்னும் கோளை, அரியணை இழந்த கொடுங்கோலன் ஒருவனுக்கு விலைபேசுகிறான். விண்பயணத்துக்கு ஆற்றல் தரும் ஜெத்ரிக் அங்கே மண்டிக்கிடப்பதாக நம்பவைக்க, தன்னிடமுள்ள ஒரு கட்டியை அந்நாட்டு அரச அணிகலன்களிடையே வைத்துவிடுகிறான். வாங்குவோனும் ஏமாறுகிறான், தம் உலகம் விலைபோவதை அறியாத மக்களும் ஏமாறுகின்றனர். அக்கட்டியே காலப்பயணியான டாக்டர் தேடிவந்த பொருளும் என்பது தொடரின் தேவைக்காகச் சேர்த்தது. கதைக்கு அதனால் பெரும்பயன் இல்லை.

கதையை உயர்த்துபவன் பின்ரோ என்னும் முதியவன். விண்மீன்களைப் பனிப்படிகங்கள் என நம்பும் நாட்டில், அவை கதிரவன்களே என்று கூறியதற்காக வதைக்கப்பட்டு, சொன்னதை மறுக்குமாறு செய்யப்பட்டவன். கேரனின் உதவியாளன் அன்ஸ்டாஃப் உயிருக்கு அஞ்சி ஓடிவர, அவனுக்கு அடைக்கலம் தருகிறான். பொய்யால் பிழைத்த அவ்விளைஞனோ, பின்ரோ கூறியதே உண்மை என்கிறான். தான் வேற்றுலகிலிருந்து வந்தவன் என்பதையும் மறைக்கவில்லை. அதனால் அவனுக்கு ஊதியம் ஏதுமில்லை. அறிவிற் சிறந்த டாக்டரிடம் தராமல் இவ்வுரையை ஓர் ஏமாற்றுக்காரனிடம் தந்ததே ஹோம்ஸின் நுட்பம். முதியவன் முகம் மலரும் அக்காட்சிக்கு நிகரானது இக்கதையில் வேறில்லை.

பின்னர் அன்ஸ்டாஃபுக்கு உதவப் புகுந்து பின்ரோ உயிர்விடுகிறான். கேரனோ இறுதிவரை அக்கட்டியின்மீதே கண்ணாயிருக்கிறான்.